அடையாளக் கார்டு எண் உண்மையில் ஓர் எண்ணா?

மாணவர்களே, 2009 மார்ச் 14-இல் கிள்ளானில் பிறந்தவரின் மைகார்டு எண் 090314-10 என்று தொடங்கும். 10 என்பது சிலாங்கூர். மொத்தம் 12 இலக்கங்கள். இதைக் கணினியில் ‘முழு எண்’ணாகப் பதிந்தால் முன்னாலுள்ள பூச்சியம் மறைந்து 11 இலக்கமே மிஞ்சும். கணக்குக்கு 09-உம் 9-உம் ஒன்றுதானே! பிறகு 12 இலக்கத்தையும் எழுத்தாகத் தட்டித் தேடினால் அந்த மாணவர் பட்டியலிலேயே இல்லை என்று வரும்.

மொங்கோடிபி போன்ற நோஎஸ்கியூஎல் தரவுத்தளங்கள், நாம் விதி வைக்காதவரை, ஒரு பதிவில் எண்ணும் மற்றொன்றில் எழுத்தும் இருந்தாலும் வாங்கிக்கொள்ளும். வசதிதான், ஆனால் வம்பும் அங்கேதான்.

பைத்தன் மொழிக்கான மொங்கோஎஞ்சின் இதற்குக் காவல் போடுகிறது. அடையாள எண் ‘ஸ்டிரிங்ஃபீல்ட்’, அதாவது எழுத்துத்தொடர், நீளம் சரியாக 12, கட்டாயம் வேண்டும். பிறந்த தேதி ‘டேட்ஃபீல்ட்’. இப்படி முன்கூட்டியே அறிவித்துவிட்டால், 11 இலக்கத்தோடு வரும் பதிவைச் சேமிக்காமல் பிழை காட்டும். ஒன்று கவனியுங்கள்: மொங்கோஎஞ்சின் வழியாகச் சேமிப்பவற்றுக்குத்தான் இந்தக் காவல். தரவுத்தளத்தில் நேரடியாக நுழைத்தால் அது தடுக்காது.

கூட்டிக் கழிக்காத எண்களை எழுத்தாக வைப்பதே நல்லது. அஞ்சல் குறியீடும் அப்படித்தான். பிரிக்பீல்ட்ஸின் 50470 தப்பிவிடும். பெர்லிஸ், கங்காரின் 01000 வெறும் ஆயிரமாகிவிடும்!