வீட்டுப் பள்ளிக்கு வந்த ஸ்பானிஷ்

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருப்பவர்கள் பலர். அங்கே குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் வழக்கம் உண்டு என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'ஹோம் ஸ்கூலிங்' என்பார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் என் மகள் அதைத்தான் செய்கிறாள். மாப்பிள்ளைக்கு அடிக்கடி ஊர் மாறும் வேலை. மூன்றாவது பள்ளியில் சேர்ந்தபோது பேத்தி வகுப்பில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து பாடம் வீட்டில்தான் என்று முடிவாயிற்று.

"இதெல்லாம் சட்டப்படி செல்லுமா?" என்று என் மனைவி கவலைப்பட்டாள். செல்லும். டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1994-இல் தந்த தீர்ப்பின்படி, முறையான பாடத்திட்டத்தோடு நடக்கும் வீட்டுப் பள்ளியும் தனியார் பள்ளிதான். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகியவை இருந்தால் போதும். ஸ்பானிஷ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் கல்லூரியில் சேரும்போது, உயர்நிலைப் பள்ளியில் ஒரே அந்நிய மொழியை இரண்டு ஆண்டாவது படித்திருக்கிறாயா என்று பல பல்கலைக்கழகங்கள் பார்க்கின்றன. அந்த நாட்டில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கு மேல். டெக்சாஸின் எல்லையோ மெக்சிகோ. ஆகவே மகள் ஸ்பானிஷைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை.

வயிற்றைக் கலக்கியது அவள் அடுத்துச் சொன்னது: "அப்பா, நேரமே போதவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்தை ஸ்பானிஷுக்குத் தரலாம் என்று பார்க்கிறேன்."

நாங்கள் அங்கே ஆறு மாதம் தங்கப் போயிருந்த சமயம் அது. நான் ரயில்வேயில் டிப்ளமோ என்ஜினியராக 38 ஆண்டுகள் உழைத்தவன். வாதம் செய்வதைவிடக் கணக்குப் போடுவது எனக்குச் சுலபம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் ஸ்பானிஷில் வேலை பார்க்கும் அளவு தேற 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது அவர்கள் முன்பு தந்திருந்த கணக்கு. பேத்திக்கு ஒரு நாளைக்கு முக்கால் மணி, வாரம் 5 நாள், ஆண்டுக்கு 36 வாரம் என்றால் 135 மணி. எட்டாம் வகுப்பு முடிய மூன்று ஆண்டில் 405 மணி. மூன்றே மாதத்தில் சரளமாகப் பேச வைக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் கோர்ஸ்களை இந்த ஒரு கணக்கிலேயே ஒதுக்கிவிடலாம். அதே நிலையம் தமிழுக்கு வைத்திருந்த கணக்கு 1,100 மணி. அந்த 1,100 மணிச் சொத்து குழந்தைக்குத் தாய்வழியில் இலவசமாக வந்திருக்கிறது. காகிதத்தை மகளிடம் நீட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காகிதத்தை மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு கோர்ஸ்களைப் பார்க்க உட்கார்ந்தோம். எத்தனை வகை! டுவோலிங்கோ விளையாட்டுப் போல ஓடுகிறது, குழந்தைக்குப் பிடிக்கிறது. ஆனால் பாதி நேரம் விரல்தான் வேலை செய்கிறது. ரொசெட்டா ஸ்டோன் படத்தைக் காட்டி, மொழிபெயர்ப்பே இல்லாமல் கற்பிக்கிறது. பிம்ஸ்லர் அரை மணி ஒலிப்பாடம், கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். படிப்பும் எழுத்தும் அதில் கொஞ்சம்தான். லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் என்று ஒன்று, 90 ஒலிப்பாடங்கள், முழுக்க இலவசம். அதில் ஆசிரியர் ஒரு சிறு விதியைச் சொல்லிவிட்டு வாக்கியத்தை நம்மையே கட்டச் சொல்கிறார். இவை தவிர இலக்கணப் பயிற்சிப் புத்தகங்கள், கம்ப்யூட்டர் வழியே நேரில் பேசும் ஆசிரியர்கள்.

டீசல் என்ஜினைப் பழுது பார்த்தபின் நேரே வண்டியில் மாட்டமாட்டோம். லோட் பாக்ஸில் போட்டுச் சுமை ஏற்றிச் சோதிப்போம். இதற்கும் அப்படியே செய்தோம். ஒவ்வொரு கோர்ஸின் மாதிரிப் பாடமும் ஒரு வாரம். சனிக்கிழமை எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, "நேற்று ராத்திரி சாப்பாட்டைப் பற்றி ஐந்து வாக்கியம் ஸ்பானிஷில் சொல்" என்பேன். படத்தைத் தொட்டு நூறு சரி வாங்கிய வாரத்தில் இரண்டு வாக்கியம் வந்தது. வாய்விட்டுக் கட்டிய வாரத்தில் நான்கு. பள்ளியில் வாய் அடைத்துப் போன குழந்தை என்பதால் எங்களுக்கு அந்த எண்ணிக்கைதான் முக்கியம்.

இன்னும் இரண்டு விஷயம் பார்த்தோம். மகளுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆகவே விடைப் புத்தகமும் ஒலிப்பதிவும் இல்லாத கோர்ஸ் உதவாது. அடுத்தது உச்சரிப்பு. ஸ்பெயினில் பேசுவது ஒரு மாதிரி, மெக்சிகோவில் பேசுவது வேறு மாதிரி. டெக்சாஸில் இருந்துகொண்டு மாட்ரிட் உச்சரிப்பைப் பழகுவது, நாக்பூர் பஜாருக்குப் போக லக்னோ உருது கற்பது போல.

எனக்கே ஆச்சரியம் தந்தது பாடங்களைக் கூட உட்கார்ந்து கேட்டபோது நேர்ந்தது. 'மே குஸ்தா' என்று ஒரு பாடம். ஆங்கிலத்தில் 'நான் விரும்புகிறேன்' என்பதை ஸ்பானிஷில் தலைகீழாகச் சொல்வார்கள், கடினம், கவனம் என்று ஏக எச்சரிக்கை. பேத்தி திரும்பிப் பார்த்து, "தாத்தா, இது 'எனக்குப் பிடிக்கும்' தானே?" என்றாள். அதேதான். 'மே துவேலே லா கபேசா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. நாம் சொல்லும் அதே 'எனக்கு'.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். வினையின் வாலிலேயே ஆள் இருப்பதால் 'நான்', 'நாம்' தேவையில்லை. 'தூ' நீ, 'உஸ்தேத்' நீங்கள். யாரிடம் எதைச் சொல்வது என்று நம் வீட்டுக் குழந்தைக்கு விளக்க வேண்டாம். அவர்களுடைய 'த' நம் 'த'. ஆங்கில நாக்கு அதை 'ட' ஆக்கிவிடும். 'நாதா' என்றால் ஒன்றுமில்லை. அதில் வரும் 'தா'வை 'அது' என்பதில் வரும் எழுத்தைப் போல மெல்லச் சொல்ல வேண்டும். நாளைக்கு என்பதற்கு 'மஞானா'. ஞ நம்மிடமே இருக்கிறது. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். சின்ன ர, பெரிய ற என்று தமிழ் வகுப்பு ஆசிரியை படித்துப் படித்துச் சொன்னது இங்கே பயன்பட்டது. போர்த்துகீசியர் மூலம் நம்மிடம் வந்த மேசையும் அலமாரியும் ஸ்பானிஷில் 'மேசா', 'அர்மாரியோ' என்று நிற்கின்றன.

எல்லாவற்றுக்கும் தமிழ் உதவாது. ஸ்பானிஷில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண், பெண் உண்டு. இந்தியில் ரயில் பெண், ஸ்டேஷன் ஆண். ஸ்பானிஷில் 'எல் தெரென்' ஆண், 'லா எஸ்தாசியோன்' பெண்! நம்மைப் போல இந்தி பேசும் ஊரில் பல்லாண்டு இருந்தவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை.

முடிவாக நாங்கள் ஏற்பாடு செய்தது இது. முதல் ஆண்டு தினமும் லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர், வாய்விட்டு மட்டும். அதோடு விடையுள்ள ஒரு பயிற்சிப் புத்தகம், நாளுக்கு ஒரு பக்கம். வாரம் இரண்டு முறை அரை மணி மெக்சிகோக்கார ஆசிரியை ஒருவருடன் கம்ப்யூட்டரில் பேச்சு. மொத்தச் செலவும் அதற்குத்தான், மற்றதில் சிக்கனம் பிடித்தோம். டுவோலிங்கோ கார் பயணத்துக்கு. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் காலேஜ் போர்டு நடத்தும் 'கிளெப்' தேர்வை எழுதலாம். தேறினால் பல கல்லூரிகள் மதிப்பெண் புள்ளியாக எடுத்துக்கொள்கின்றன. அது பிந்தைய கதை.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேள்வி வந்தால், பணம் கட்டுமுன் மாதிரிப் பாடத்தைக் கேட்டு வாங்குங்கள். குழந்தையோடு தாத்தா பாட்டியும் உட்காருங்கள். ஆங்கிலத்தில் புரியாத இடத்தில் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

தமிழ் வகுப்பு சனிக்கிழமை பத்து மணிக்கே நடக்கிறது. மகள் நேரத்தை வேறு எங்கிருந்தோ பிடித்துக்கொண்டாள். டிவியிலிருந்து என்று நினைக்கிறேன். நாங்கள் நாக்பூர் திரும்பிய பிறகு பேத்தி மாலையில் போனில் மூன்று வாக்கியம் ஸ்பானிஷில் சொல்வாள், நான் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். 'இருக்கிறது' என்பதற்கு ஸ்பானிஷில் 'செர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினை. எது எங்கே என்பதில் அவளும் தடுமாறுகிறாள், நானும் தடுமாறுகிறேன். ஆசிரியையிடம் கேட்டு வியாழக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.