பழுது நீங்காமல் கூலியா?

எம் பழைய மகிழுந்து மேட்டில் ஏறும்போதெல்லாம் கொதித்து நின்றுவிடும். மெக்கானிக் முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். பிறகு வாட்டர் பம்பை மாற்றினார். இருமுறையும் கூலி கொடுத்தோம்; கொதிப்பு தணியவில்லை. ஹெட் கேஸ்கெட்டே பழுது என்பதை வேறொருவர் கண்டறிந்தார்.

கூலி உழைப்புக்கா, பயனுக்கா? மருத்துவரைப் போலவே மெக்கானிக்கும் குணத்திற்கு உறுதி கூறுபவர் அல்லர். ஆயினும் உரிய திறமையோடும் கவனத்தோடும் ஆராய்வது அவர் கடமை. ஆராய்ந்தும் தவறுவது மனித இயல்பு. ஆராயாமல் ஊகத்தால் உதிரிப் பாகங்களை மாற்றிக்கொண்டே போவது அசட்டை. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய அசட்டையைச் 'சேவைக் குறைபாடு' எனக் கொள்கின்றன.

அதற்காகச் சினந்து கூலியை மறுத்தல் நன்றன்று. உரிய கூலி பெறும்வரை பொருளைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளும் உரிமையை, உழைத்தவருக்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் (பிரிவு 170) அளிக்கின்றது. எனவே, எதிர்ப்பைப் பட்டியலிலேயே எழுதிப் பணம் செலுத்தி வண்டியை மீட்பதே அறிவுடைமை. மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டுப் பெறுதல் வேண்டும், அவை சான்றுகள். பின்னர், குறையைச் சரிசெய்யுமாறோ பணத்தைத் திருப்புமாறோ எழுத்தில் கேட்கலாம். இணங்காவிடின், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடின் கட்டணமில்லை.

யாமோ பட்டியல் கேட்கவில்லை, பாகங்களையும் பெறவில்லை. கேட்கக் கூசினோம். வெறுங்கையோடு நின்ற அந்நாளே இதனை எழுதத் தூண்டிற்று.