ஆறாத புண்ணுக்கு ஒரு புதிய சாரம்

நம் சங்கத்தில் அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்குச் சர்க்கரை உண்டு, எனக்கும்தான். சென்ற மழைக்காலத்தில் தோட்டத்தில் ஓட்டுச் சில்லு ஒன்று கால் பெருவிரலைக் கிழித்தது. கால் மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை. 'காற்றுப் பட்டால் காய்ந்துவிடும்' என்று இரண்டு வாரம் திறந்தே விட்டேன். பிறகு விரலைக் காப்பாற்ற டாக்டர் படாத பாடு பட்டார்.

அந்த எண்ணம் தவறென்று 1962-லேயே தெரிந்துவிட்டது. ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேயர் பன்றிகளின் காயங்கள் சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடி, சிலவற்றைத் திறந்து விட்டார். மூடியவற்றில் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் புதுத் தோல் படர்ந்தது. காய்ந்த பொருக்கு இருந்தால் புதிய செல்கள் அதன் அடியில் துளைத்துப் போக வேண்டும். ஈரமிருந்தால் மேலாகவே நகர்ந்துவிடும். ஈரம் என்றால் தண்ணீரில் ஊற வைப்பதல்ல. சீழ் இருந்தால் டாக்டர் முதலில் அதை நீக்கியாக வேண்டும்.

1997-ல் அமெரிக்காவில் அர்ஜென்டா, மோரிக்வாஸ் இருவரும் வெளியிட்ட முறை ரயில்வேக்காரனான எனக்கு உடனே பிடித்துவிட்டது. புண்ணில் ஸ்பாஞ்சை வைத்து, மேலே காற்றுப் புகாமல் ஒட்டி, பம்பினால் உறிஞ்சுகிறார்கள். 125 மில்லிமீட்டர் பாதரச அளவு வாக்குவம். பழைய வாக்குவம் பிரேக் வண்டிகளில் நாங்கள் வைத்தது 50 சென்டிமீட்டர் அளவு. அதில் கால் பங்குதான் இது. கசிவைத் தேடி அலையும் தொல்லை இரண்டுக்கும் பொது!

இன்னொன்று, குளத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய திருவனந்தபுரத்திலேயே பிறந்தது. இதய வால்வு செய்து 1990-ல் பொருத்திக் காட்டிய ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் பூஜப்புரைப் பிரிவில், டாக்டர் டி.வி. அனில்குமார் குழுவினர் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி, மிஞ்சும் வலையமைப்பை மெல்லிய படலமாக்கினார்கள். பெயர் கோலிடெர்ம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போலத்தான்: நம் செல்கள் அதில் ஏறித் தோலைக் கட்டிக்கொள்கின்றன. எலி, முயல், நாய்களின் தீப்புண், சர்க்கரைப் புண்களில் தழும்பு குறைவாக, விரைவில் ஆறியது. 2023-ல் மருந்துக் கட்டுப்பாட்டாளர் அனுமதி கிடைத்தது. பத்தாயிரம் ரூபாய்ச் செலவு இரண்டாயிரமாகக் குறையலாம் என்று அப்போது சொன்னார்கள். பன்றி என்றதும் சிலருக்கு மனம் ஒப்பாது; அவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஆனால் அஸ்திவாரம் சரியில்லாமல் சாரம் மட்டும் நிற்காது. காலில் ரத்த ஓட்டம் இல்லையென்றால், அல்லது புண்ணை ஊன்றியே நடந்தால், எந்தப் படலமும் பிடிக்காது. ரத்தக்குழாய்ப் பரிசோதனையும் சர்க்கரைக் கட்டுப்பாடும்தான் முதல் வேலை. நான் இப்போது படுக்கப் போகுமுன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.