முதலில் நிற்கக் கற்றுக்கொண்ட லோரி

எங்கள் தாத்தா சௌராஸ்தா சந்தையிலிருந்து கடைகளுக்குக் காய்கறி ஏற்றிச் சென்றது ஒரு மோரிஸ் மைனர் பிக்கப் லோரியில். தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலைப் பாதையில் எங்கள் குடும்பம் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கு மோர் அண்டாக்களைச் சுமந்ததும் அதே லோரிதான். தாத்தா காலமான பிறகு, ஜெலுத்தோங்கில் உள்ள மாமாவின் பட்டறையில் தார்ப்பாய்க்கு அடியில் அது துருப்பிடித்துக் கிடந்தது.

சென்ற ஆண்டு நீண்ட விடுமுறையில் மாமாவிடம் சொன்னேன்: "இதை நான் ஹாட் ராட் ஆக்கப் போறேன்." இயந்திரவியல் டிப்ளோமா மாணவன் என்ற தைரியம்.

மாமா சிரித்தார். "ஆக்கு தம்பி. ஆனா நான் சொல்ற வரிசையிலதான் செய்யணும். முதல்ல பிரேக்கு, அப்புறம் ஸ்டியரிங்கு, கடைசியிலதான் எஞ்சின்."

அந்த வரிசையை நான் மீறினேன். அதனால் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஹாட் ராட் என்றால் என்ன?

1930-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் வளர்ந்த பழக்கம் இது. கையில் அதிகம் பணம் இல்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கினார்கள். எடையைக் குறைக்க மட்கார்டு, பம்பர் எல்லாவற்றையும் கழற்றினார்கள். எஞ்சினின் சக்தியைக் கூட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932-இல் ஃபோர்டு நிறுவனம் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சின் காரைக் கொண்டு வந்தது. பிற்காலத்தில் அந்த எஞ்சின் பல பழைய கார்களுக்குள் புகுந்தது.

வேகம் கூடியதும் விபத்தும் கூடியது. பாதுகாப்பு விதிகளோடு பந்தயம் நடத்த 1937-இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு சங்கம் உருவானது. தெருவில் நடந்த பந்தயங்களைத் தனித் தடங்களுக்குக் கொண்டு போக 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய அளவில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் மனத்தில் பதியவில்லை.

ஏன் பிக்கப் லோரி?

மோரிஸ் மைனர் 1948-இல் அறிமுகமான ஆங்கிலேயக் கார். அதன் கார் வகையில் உடலே எடையைத் தாங்கும். பிக்கப் வகை அப்படியல்ல. சேஸி எனப்படும் அடிச்சட்டம் தனியாக இருக்கும். உடல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். உடலைத் தூக்கிவிட்டால் அடிச்சட்டத்தின் துருவைச் சுரண்டலாம், வெல்டிங் செய்யலாம். கற்றுக்கொள்பவனுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு இளமையில் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்து, மறுபடியும் பூட்டித்தான் இயந்திரம் கற்றார். பிறகு 1920-இல் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சேவையைத் தொடங்கினார். பிரித்ததைப் பூட்டத் தெரிந்தால் பாதி கற்றுவிட்டோம் என்பார் மாமா.

ஆரம்பத்திலேயே எனக்கு ஓர் அடி விழுந்தது. இப்போதைய வாகனங்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனை உடலோடு இணைந்திருக்கும். எங்கள் லோரியில் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருந்தது. அதைக் கவனிக்காமல் புது ஆல்டர்னேட்டரை மாட்டினேன். ஒரு நொடியில் அதன் டையோடுகள் கருகின. இரண்டு மாதச் சேமிப்பு புகையாகப் போனது.

பள்ளி வேனின் எஞ்சின்

நம் நாட்டில் பழைய வண்டிக்கு வேறு எஞ்சின் மாற்றுவது புதிதல்ல. ஜப்பானில் ஓடிய கார்களின் முன்பாதியை எஞ்சினோடு வெட்டிக் கொண்டு வந்து விற்கும் 'ஹாஃப் கட்' வியாபாரம் பலருக்கும் தெரிந்ததுதான். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. கழித்துக் கட்டிய நிசான் வேனெட் வேனின் 1.5 லிட்டர் எஞ்சினை ரசீதோடு வாங்கினோம். ஆரம்பப் பள்ளிக்கு நான் போய்வந்ததும் அப்படியொரு வேனில்தான்.

லோரியின் பழைய எஞ்சின் 50 குதிரைத்திறனைக்கூட எட்டாது. வேன் எஞ்சினின் சக்தி அதைவிட அதிகம். அதைப் பட்டறையில் பார்த்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. மாமா திருமணத்துக்காகச் சுங்கை பட்டாணிக்குப் போன வாரத்தில், நானும் நண்பன் ஒருவனும் எஞ்சினை ஏற்றிப் பூட்டினோம். பிரேக்கைத் தொடவில்லை. மிதித்துப் பார்த்தோம், பிடித்தது. அது போதும் என்று நினைத்தோம்.

சாலைக்குக் கொண்டு போகவில்லை. பட்டறை முற்றத்தில்தான் ஓட்டினேன். இரண்டாவது சுற்றில் பந்தைத் துரத்திக்கொண்டு பக்கத்து வீட்டுச் சிறுவன் உள்ளே ஓடி வந்தான். பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன். 'பொத்' என்று ஒரு சத்தம். பெடல் தரையைத் தொட்டது. லோரி நிற்கவில்லை.

கைபிரேக்கை இழுத்தேன். ஸ்டியரிங்கை ஒடித்தேன். பழைய டயர் அடுக்கில் மோதி லோரி நின்றது. சிறுவன் நான்கு அடி தூரத்தில் பந்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். என் கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஒரு குழாய், நான்கு சக்கரம்

மாமா திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. முன்சக்கரத்தின் பிரேக் ரப்பர் குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெளியே நன்றாகத்தான் இருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுவதும் விரிசல்.

பழைய மைனரில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் எண்ணெய் ஒரே சுற்றில்தான் போகும். ஓர் இடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். என்னைக் காப்பாற்றியது தனிக் கம்பியில் இயங்கிய கைபிரேக் மட்டுமே.

அன்றிரவு மாமா ஒரு கேள்வி கேட்டார். "60 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி 90-ல போனா, பிரேக்குக்கு எவ்வளவு வேலை கூடும்?" ஒன்றரை மடங்கு என்றேன். தவறு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று இடைநிலைப்பள்ளி இயற்பியலில் படித்திருக்கிறோம். 1.5-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 2.25. வண்டியை நிறுத்த அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டும். மூடிய டிரம் பிரேக்கில் வெப்பம் தேங்கி, பிடிப்பு குறையும். டிஸ்க் பிரேக் காற்றில் திறந்திருப்பதால் சீக்கிரம் ஆறும். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய சூத்திரம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

எஞ்சினை இறக்கினோம். மாமா சொன்ன வரிசையில் மறுபடியும் தொடங்கினோம். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், இரண்டு தனிச் சுற்றுகள் கொண்ட மாஸ்டர் சிலிண்டர், எல்லா இடத்திலும் புதுக் குழாய். எஞ்சினுக்கு ஆனதைவிட பிரேக்குக்குத்தான் அதிகச் செலவு.

சட்டமும் ஒரு பாகம்

எஞ்சின் எண் வாகனப் பதிவில் இருப்பது. அதை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், இத்தகைய மாற்றங்களுக்கு ஜே.பி.ஜே. அனுமதியும் வாகனச் சோதனையும் தேவை. ஆவணம் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். எங்கள் லோரி இன்னும் அந்த நடைமுறையில்தான் இருக்கிறது. இந்த ஆண்டுத் தைப்பூசத்துக்கு அது போகவில்லை. மோர் அண்டாக்கள் வாடகை வேனில்தான் போயின. எனக்கு வருத்தம்தான். மாமாவுக்கு இல்லை.

இந்தத் துறையில் ஆர்வம் உள்ள தம்பி, தங்கைகள் எஸ்.பி.எம். முடித்ததும் மலேசியத் திறன் சான்றிதழ் வழியாகவும் முன்னேறலாம். முதல் நிலையில் தொடங்கி, நான்காம் நிலையில் டிப்ளோமா, ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமா வரை போகலாம். நம் மாநிலத்தில் நிபோங் திபாலில் உள்ள தொழிற்பயிற்சிக் கழகம் ஆறுமுகம் பிள்ளை என்ற தமிழரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கையில் கிரீஸ் படுவது குறைந்த படிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்களில் பலரிடம் லோரி இருக்காது. மோட்டார் சைக்கிள் இருக்கும். எக்ஸாஸ்ட், கார்புரேட்டர் என்று வேகத்துக்காக மாற்றியவர்களும் இருப்பீர்கள். பிரேக் குழாயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பதில் தெரியாவிட்டால், இன்று மாலையே வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.