நீர்மேல் எழுத்தும் நிலைக்கும்



நிலையில்லாத ஒன்றை ‘நீர்மேல் எழுத்து’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் நீரின்மேல் எழுதி, அந்த எழுத்தைக் காகிதத்தில் வாங்கி, நூற்றாண்டுகள் பல காத்து வைத்த ஒரு கலை இஸ்லாமிய உலகில் உண்டு. துருக்கியர் அதனை ‘எப்ரு’ என்பர். மேகத்தைக் குறிக்கும் ‘அப்ர்’ என்னும் பாரசீகச் சொல்லோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவாரும் உளர். 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதனைச் சேர்த்தது. பழைய கணக்குப் பேரேடுகளின் அட்டையிலும், கெட்டி அட்டை நூல்களின் உட்பக்கத்திலும், பளிங்குக்கல்லின் ரேகை போலச் சுழன்றோடும் வண்ணத்தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாள் இக்கலையின் வழித்தோன்றலே.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதனைக் கற்பித்தால் என்ன? ஓவிய வகுப்பு என்றாலே ஒரு மாம்பழம், ஒரு குடிசை, அதன் பின்னே இரண்டு மலை, நடுவே சூரியன் என்று முடித்துவிடுகிறோம். கோடு நேராக வராத பிள்ளை, ‘எனக்கு வரையவே வராது’ என்று எட்டு வயதிலேயே தீர்மானித்துக் கொள்கிறது. நீரின்மேல் வண்ணம் தெளிக்கும்போதோ அப்படிப்பட்ட தோல்விக்கே இடமில்லை. ஒருமுறை வந்த கோலம் மறுமுறை வாராது. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பதும் வெவ்வேறு.

நம் வீடுகளில் வேறொரு தயக்கமும் இருக்கிறது. உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றி மார்க்க அறிஞர்கள் விரிவாகப் பேசியுள்ளனர். அந்தப் பேச்சுக்குள் நான் நுழையவில்லை. ஆனால் அத்தயக்கத்தினாலேயே ஓவியப் பெட்டியைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி வைத்துவிடும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். இந்தக் கலையைக் கண்ணாகக் காத்தவர்களுள் பள்ளிவாசல் மிம்பரில் நின்றவர்களும் உண்டு. இஸ்தான்புல் அயாசோஃபியாவின் கதீபாக இருந்த முஹம்மது எஃபெந்தி இக்கலையில் பெரும் புகழ் பெற்றவர். அவர் கண்ட ஒரு வகைக் கோலம் இன்றும் ‘கதீப் எப்ரு’ என்றே வழங்குகிறது. 1773இல் தம் வீடு தீப்பற்றியபோது, தாம் செய்த தாள்களை மீட்க முயன்று அவர் உயிர் நீத்தார் என்பர். கடந்த நூற்றாண்டில் நீரின்மேல் பூக்களை மலர வைத்த நஜ்முத்தீன் ஒக்யாயும் (1883–1976) இமாமாகப் பணியாற்றியவரே.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தக்காணத்துப் பீஜப்பூரில், ஆதில்ஷாஹி சுல்தான்களின் காலத்தில், 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய தாளோவியங்கள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது!

இனி, செய்முறை. மரபுவழிக் கலைஞர்கள் ஒருவகைச் செடியின் பிசினையோ கடற்பாசிச் சாற்றையோ நீரில் கலந்து கொழகொழப்பாக்குவர். மண்வண்ணங்களோடு மாட்டின் பித்தநீரைச் சேர்ப்பர். வண்ணம் மூழ்காமல் பரவி நிற்பது அதனால்தான். கடற்பாசி என்றதும் நோன்பு திறக்கும்போது உண்ணும் பதார்த்தத்தை நினைத்துவிடாதீர்கள். அது உறைந்துவிடும். நமக்கு வேண்டியது உறையாத நீர்.

பள்ளிக்கு இவ்வளவும் வேண்டுவதில்லை. துணிக்குப் போடும் கஞ்சி போதும். கெட்டி மோர்ப் பதத்தில் காய்ச்சி, வடிகட்டி, முழுதும் ஆறவிட்டு, அகன்ற தட்டில் இரண்டு விரற்கடை உயரம் ஊற்றுங்கள். வழவழப்பில்லாத வரைதாளில், ஒரு டம்ளர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி படிகாரம் கரைத்துப் பூசி உலர்த்தி வையுங்கள். படிகாரம் பூசாத தாளில் வண்ணம் ஒட்டாமல் கழுவும்போதே போய்விடும். இந்த இரு வேலைகளும் பெரியவர்களுடையவை. மீதி எல்லாம் பிள்ளைகளுக்கு! அக்ரிலிக் வண்ணத்தைப் பால்போல நீர்க்கக் கரைத்து, தென்னை ஈர்க்கினால் சொட்டுச் சொட்டாக இடட்டும். சொட்டு மூழ்கினால் இன்னும் சிறிது நீர் சேர்க்கலாம். ஈர்க்கு நுனியால் மெல்ல இழுத்தால் அலை வரும், சுழி வரும், இலை வரும். தாளை ஓரத்திலிருந்து மெதுவாகக் கிடத்தி, உடனே எடுத்து, பச்சைத் தண்ணீரில் அலசினால் கஞ்சி போய்விடும், கோலம் நிற்கும்.

இதைவிட எளிய குறுக்குவழி ஒன்றுண்டு: எண்ணெய் வண்ணத்தை மண்ணெண்ணெயில் கரைத்து வெறும் தண்ணீரில் விடுவது. எண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அதைத்தான் செய்யக் கண்டேன். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். நீரின்மேல் வண்ணம் விரிந்ததும் ஒரு சிறுவன், “ஆயில் வந்தப்போ எங்க ஆறும் இப்படித்தான் மினுமினுன்னு இருந்துச்சு டீச்சர்!” என்றான். ஆசிரியைக்குப் பேச்சு எழவில்லை.

அவன் பொய் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படர்ந்து, மீனவரின் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அதற்கு முன்பு, 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெயை, எர்ணாவூர்க் கரையில் மக்கள் வாளியால் அள்ளிக் கொட்டினார்கள். அந்தக் கரையின் பிள்ளைக்கு மண்ணெண்ணெய்த் தட்டைக் காட்டி ‘கலை’ என்பதா? வகுப்பு முடிந்ததும் தட்டிலிருந்ததைத் தெருக்கால்வாயில் ஊற்றினார்கள். வடசென்னையின் வடிகால்கள் பலவும் பக்கிங்காம் கால்வாய்க்கோ கடலுக்கோதான் போய்ச் சேர்கின்றன.

நான் சொன்ன முறையும் குற்றமற்றதன்று. அக்ரிலிக் வண்ணமும் ஒருவகைப் பிளாஸ்டிக்கே. ஆதலால் தட்டைக் கழுவும் பாடத்தையும் பிள்ளைகளுக்கே கற்பியுங்கள். பழைய செய்தித்தாளை விரல் நீளக் கீற்றுகளாகக் கிழித்து மேற்பரப்பில் இழுத்தால், மிச்ச வண்ணம் அதில் ஏறிவிடும். அந்தக் கீற்றுகள் குப்பைக்கூடைக்குப் போகட்டும். எஞ்சிய கஞ்சியை வெயிலில் வைத்தால் சில நாளில் தோலாகக் காய்ந்து உரியும். அதையும் அங்கேயே சேர்க்கலாம்.

உலர்ந்த தாளை மத்ரஸா நோட்டுக்கு அட்டையாகப் போடலாம். பெருநாள் வாழ்த்து மடலும் செய்யலாம். தாளின் பின்புறத்தில் பெயரையும் தேதியையும் பிள்ளையே எழுதட்டும்.