துலூஸ் சிற்றரசின் இணைப்பும் ஒக்சித்தான் மொழியின் நிலையும்

ஒரு நாடு தன்னினும் பெரிய அரசொன்றோடு இணையும்போது அந்நாட்டு மொழிக்கு யாது நேர்கிறது? மொழி கற்பிக்கும் நம்மனைவர்க்கும் உரிய இவ்வினாவுக்குத் தென்பிரான்சின் துலூஸ் சிற்றரசு தக்க சான்றாக அமைகிறது.

துலூஸ் கோமகன்கள் பெயரளவில் பிரெஞ்சு மன்னருக்கு அடங்கியவர்கள். நடைமுறையில் தன்னுரிமையோடு ஆண்டவர்கள். அவர்தம் மக்கள் பேசிய ஒக்சித்தான், வடபுலப் பிரெஞ்சினின்றும் வேறானது. துருபதூர் என்னும் பாவலர்களால் வளம்பெற்றது.

அங்குக் கதார் சமயப் பிரிவினர் பெருகியதைக் காரணங்காட்டி 1209இல் சிலுவைப்போர் தொடங்கியது. 1213இல் முரே களத்தில் துலூஸுக்குத் துணைநின்ற அரகோன் மன்னர் வீழ்ந்தார். 1218இல் சிலுவைப்படைத் தலைவர் சீமோன் தெ மோன்போர் துலூஸ் முற்றுகையில் மாண்டார். ஆயினும் போர் ஓயவில்லை.

நாட்டின் விதியை உறுதிசெய்தது 1229ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒப்பந்தமேயாகும். அதன்படி ஏழாம் ரேமோனின் மகள் ழான், மன்னரின் தம்பியை மணக்கவேண்டும். அவர்களுக்குப் பிள்ளையில்லையெனில் நாடு மன்னரைச் சேரும். இருவரும் 1271 ஆகஸ்டில், சில நாள் இடைவெளியில், மகப்பேறின்றி இறந்தனர். துலூஸ் மன்னர் மூன்றாம் பிலிப்பின் ஆட்சிக்குட்பட்டது.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவ்வொப்பந்தமே துலூஸில் பல்கலைக்கழகம் தோன்றவும் வழிகோலியது. ஆசிரியர்களுக்குரிய ஊதியத்தைத் தோல்வியுற்ற ரேமோனே வழங்கவேண்டியதாயிற்று. எனினும் அங்குக் கற்பித்தல் மொழி இலத்தீன். ஒக்சித்தானுக்கு அங்கு இடமில்லை.

இணைப்பால் மொழி உடனே நலியவில்லை. 1323இல் துலூஸ் பாவலர் எழுவர் கவிதைக் கழகம் ஒன்றை நிறுவினர். மறு ஆண்டு நடந்த போட்டியில் பொன்னாலான வயலட் மலர் பரிசாக வழங்கப்பெற்றது. அக்கழகத்தின் சார்பில் ஒக்சித்தானுக்கு இலக்கணமும் யாப்பும் வகுக்கப்பெற்றன.

பின்னர் 1539இல் வில்லர்-கோத்ரே ஆணை நீதிமன்ற ஆவணங்களைப் பிரெஞ்சில் எழுதப் பணித்தது. முதன்மையாக இலத்தீனை விலக்க எழுந்த அவ்வாணை, எழுத்து வழக்கிலிருந்த ஒக்சித்தானையும் பின்தள்ளியது. அந்நூற்றாண்டிலேயே கவிதைக் கழகமும் பிரெஞ்சுக்கு மாறியது.

இணைப்புக்கும் இவ்வாணைக்கும் இடையே 268 ஆண்டுகள் உள்ளன. ஆட்சி மாறியபோது நிலைத்த மொழி, ஆவணத்திலும் கழகத்திலும் இடமிழந்தபோது தளர்ந்தது. வீட்டிலும் வயலிலும் அது பன்னூற்றாண்டுகள் வாழ்ந்ததெனினும், இன்று அழியும் நிலையிலுள்ள மொழிகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. பேச்சு வழக்கு ஒன்றே ஒரு மொழிக்குப் போதிய அரணாகாது என்பதை இவ்வரலாற்றால் நாம் உணரலாம்.