நண்டுக்கும் நோகுமோ?

தென்மேற்குப் பருவமழை இறங்கிப் பாலக்காட்டின் சித்தூர், கொல்லங்கோடு வயல்களில் நீர் நிறையத் தொடங்கியதும், வரப்பில் வளை தோண்டி நீரைக் கசியவிட்டு உழவரின் கோபத்துக்கு ஆளாகும் வயல் நண்டு, அன்று மாலையே இடிபட்டு, மிளகும் சீரகமும் சேர்ந்த ரசமாகி, சளி பிடித்த குழந்தைக்கு மருந்தாகிவிடுகிறது. இடுக்கியின் மலையோடைகளில் கல்லைப் புரட்டிப் பிடிக்கும் நண்டுக்கும் கதி அதுவே. உயிரோடு காலைப் பிய்ப்பதும் கொதிநீரில் போடுவதும் நம்மில் பலருக்குப் பாவமாகத் தோன்றுவதில்லை. நண்டு கத்துவதில்லை அல்லவா?

கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் அங்கம் வகித்தபோது விடாது முயன்றதன் பயனாய் 1960-இல் பிறந்த பிராணிவதைத் தடைச் சட்டம், மனிதரல்லாத ஜீவன் எதுவாயினும் அது பிராணியே என்று வரையறுத்ததால், ஆட்டுக்கும் மாட்டுக்கும் கிடைத்த காப்பு நண்டுக்கும் கிடைத்துவிட்டது. உணவுக்காகக் கொல்வதை அச்சட்டம் விலக்கவில்லை; அவசியமற்ற வேதனையையே விலக்குகிறது. ஆராய்ச்சிக்காக அறுவை செய்வோர் இயன்றவரை மயக்கமருந்து தரவேண்டும் என்பதும் அதன் நோக்கம். சுவிட்சர்லாந்து, சிங்கி இறாலை மயக்காமல் கொதிநீரில் இடுவதைத் தடுத்தது 2018-இல்தான். நண்டும் இறாலும் உணர்வுள்ள ஜீவன்களே என்று பிரிட்டன் சட்டத்தில் எழுதியது 2022-இல்.

அவ்வுணர்வை எப்படி அறிவது? பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் எல்வுட் 2013-இல் வெளியிட்ட சோதனையில், வெளிச்சமான தொட்டியில் இரண்டு இருண்ட பொந்துகளை அமைத்துக் கரை நண்டுகளை விட்டு, ஒரு பொந்தில் நுழைந்தவற்றுக்கு மட்டும் மின் அதிர்ச்சி கொடுத்தார். இருமுறை அடிபட்டவை, அடிபடாதவற்றைவிட மிகுதியாக, தாம் முதலில் விரும்பிய பொந்தைத் துறந்து மற்றதை நாடின. வெறும் அனிச்சைச் செயலாயின் அந்த நொடியோடு முடிந்திருக்கும். இங்கோ நினைவும் தெரிவும் கூடவே வந்தன.

நண்டின் உடலமைப்பு, அதை விரைவில் கொல்வதையும் கடினமாக்குகிறது. கண்களுக்கிடையே ஒன்றும் வயிற்றுப்புறத்தில் அதனினும் பெரிதாக ஒன்றுமாக அதற்கு இரண்டு நரம்புத் திரள்கள் இருப்பதால், தலையில் ஓங்கி அடித்தாலும் பாதி வேலையே முடிகிறது. கொதிநீரில் இட்ட நண்டு உடனே சாவதில்லை. துடிக்கும் துடிப்பில் தன் கால்களைத் தானே கழற்றி எறிவதும் உண்டு.

இதற்குப் பரிகாரமாக ஆராய்ச்சிக்கூடங்கள் கையாளும் பொருள்களில் ஒன்று நம் பாட்டிமார் பல்வலிக்கு வைத்த கிராம்புத் தைலமே. அதிலுள்ள யூஜெனால் நீரில் கலந்து செவுள் வழியே இரத்தத்தில் ஏறி நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. ஆனால் அதன் வாசனை இறைச்சியில் தங்கக்கூடுமாதலால் சமையலுக்கு உகந்தது குளிரே. நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் நண்டை முழுக அமிழ்த்தி (கடல் நண்டாயின் உப்பு நீரில்), கண்ணையும் வாயையும் தொட்டாலும் அசையாத நிலை வந்தபின், மல்லாத்தி, வயிற்றடியில் மடிந்த மூடியைத் தூக்கி, கூர்ங்கத்தியால் உள்ளிருக்கும் நரம்புத் திரளைக் குத்தி, உடனே முன்புறத்திலும் குத்திவிட வேண்டும். குளிர் வலியைப் போக்குகிறதா, அசைவை மட்டும் அடக்குகிறதா என்ற வாதம் விஞ்ஞானிகளிடையே இன்னும் தீரவில்லை. ஆயினும் கொதிநீரைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை.

ஈன்றதும் தாய் நண்டு மாளும் என்பது நம்மவர் பழைய நம்பிக்கை. உண்மையில் நன்னீர் நண்டு, முட்டையிலிருந்து முழு உருவத்தோடு வெளிவரும் குஞ்சுகளை, நாம் கத்தி செலுத்தத் தூக்கும் அந்த மூடிக்குள்ளேயே சில காலம் வைத்துச் சுமக்கிறது. ஆகவே வயலில் பிடித்த இடத்திலேயே நண்டை ஒருமுறை மல்லாத்திப் பார்ப்பது நலம். மூடிக்குள் குஞ்சுகள் தெரிந்தால், ரசத்துக்கு வேறு நண்டு தேடிக்கொள்ளலாம்.